மூட்டைப்பூச்சியின் மூல வீடு

தையற்காரர் வீட்டுக்கு மூட்டைப்பூச்சி வந்த விஷயம் முதல் மூன்று வாரங்களுக்கு இரண்டு தரப்புக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஒன்று தையற்காரர், இன்னொன்று மூட்டைப்பூச்சி. மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் சோபா பேச்சு வரும்.

சோபாவைத் தெருமுனையில் யாரோ வீடு காலி செய்து போனவர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பச்சை நிறம். கால் நான்கும் உறுதி. பார்த்த மாத்திரத்தில் தையற்காரருக்குப் பிடித்துப்போயிற்று. மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க, ஊரார் வேண்டாம்னு போட்டது நமக்கு எதுக்கு? நல்லா இருந்தா அவங்களே தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்களா?"

"உனக்குத் தையலைப் பத்தி என்ன தெரியும்? இது இரட்டைத் தையல். இப்பல்லாம் யாரும் இப்படித் தைக்கிறதே இல்லை."

அந்த இரட்டைத் தையலுக்குள்தான் அவை குடியிருந்தன. கையில் வரிசையாக மூன்று மூன்றாகத் தடிப்பு எழும்பியபோது அவர் கொசு என்றார். மனைவி வெயில் என்றாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சோபாவின் விளிம்பைக் கத்திரிக்கோல் முனையால் நெம்பிப் பார்த்தார். பேனா முனையால் குத்தியதுபோல் கரும்புள்ளிகள். வெங்காயச் சருகைப்போல் உரித்துப்போட்ட தோல்கள். அவற்றுக்கு நடுவே தட்டையாக, செம்பழுப்பாக, ஆப்பிள் விதை அளவில் ஒன்று, வெளிச்சத்தைக் கண்டதும் அவசரமே இல்லாமல் உள்ளே நகர்ந்துபோனது.

தையற்காரருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆனால் அவரை அதிகம் அரித்தது வேறு. துணியை நம்பிக் கொடுக்கிறவர்கள், மூட்டைப்பூச்சி உள்ள தையற்காரனிடம் கொடுப்பார்களா? கடையில் அறுபது பேர் உடுப்பு தொங்குகிறது. ஒரு வாய் திறந்தால் போதும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் அவர் தம் வாயை மூடிக்கொண்டார்.

அதைவிட மோசமான ஒரு சங்கதியும் இருந்தது. எதிர் வீட்டு டீச்சருக்கு முதுகு வலி. மழலைப் பள்ளியில் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலை. பாவம், தனியாக இருக்கிற பெண், நம்மால் ஆனது என்று சோபாவில் மிகுந்திருந்த பஞ்சை எடுத்து, புதுத் துணியில் பூவேலை வைத்து ஒரு முதுகணை தைத்துக் கொடுத்திருந்தார். பூச்சியைக் கண்டுபிடித்ததற்குப் பத்து நாள் முன்பு. அவர் வாழ்நாளில் கைம்மாறு எதிர்பாராமல் செய்த உபகாரங்கள் சொற்பம். அதில் ஒன்று இப்படி ஆகிவிட்டது.

டீச்சர் வீட்டிலும் அரிக்கத் தொடங்கியது. அவர் மாடிப்படியில் கையைச் சொறிந்துகொண்டே ஏறுவதைப் பார்த்த அன்று தையற்காரர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பூச்சி ஆபீசுக்குப் போனார்.

வீட்டுப் பூச்சி இனங்காணல் மற்றும் கட்டுப்பாட்டுத் துறை என்பது அதன் முழுப் பெயர். நான்கு மாடிக் கட்டடம். எறும்புக்கு ஒரு தளம், கரப்பானுக்கு ஒரு தளம், கரையானுக்கும் அந்துப்பூச்சிக்கும் சேர்த்து ஒரு தளம். மூட்டைப்பூச்சிக்குத் தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. காத்திருப்பவர்களுக்கு மெத்தை வைத்த பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்த எல்லோரும் சற்று நேரத்தில் எழுந்து நின்றுகொண்டார்கள். பெஞ்சுக்கு மேலே சுவரில், 'இது பூச்சியற்ற வளாகம்' என்று கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் பேரேட்டைத் திறந்தார்.

"சொல்லுங்க. மூல வீடு எது?"

"மருந்து மட்டும் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா..."

"மருந்து அப்புறம். முதல்ல மூல வீடு. பூச்சி எந்த வீட்டுல முதல்ல வந்துச்சோ அது மூல வீடு. மத்ததெல்லாம் பாதிக்கப்பட்ட வீடு. மூல வீட்டுக் கதவுல சிவப்புத் தாள் ஒட்டுவோம், வேலை செய்யிற இடத்துக்குக் கடிதம் போகும். பாதிக்கப்பட்ட வீட்டுக்கு ஆறுதல் கடிதம் வரும். நீங்க எது?"

தையற்காரரின் கண்ணுக்கு முன்னால் அறுபது உடுப்பும் தொங்கின.

"நாங்க... பாதிக்கப்பட்டவங்க."

"அப்ப மூலம்?"

"எதிர் வீடுன்னு நினைக்கிறேன்."

எழுத்தர் 'எதிர் வீடு' என்று மையால் எழுதினார். 'நினைக்கிறேன்' என்பதற்கு அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை.

வெளியே வந்த தையற்காரர், திரும்பப் போய் மாற்றச் சொல்லலாமா என்று வாசலில் நின்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் உணவு இடைவேளை மணி அடித்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாளே பரிசோதகர் வந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பெரிய உருப்பெருக்கி தொங்கியதால் அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். டீச்சர் வீட்டுக் கட்டில் காலிடுக்கில் ஒரு பூச்சியைச் சாமணத்தால் பிடித்துச் சீசாவில் போட்டார். பிடித்த வேகத்தில் அதன் கால் ஒன்று போய்விட்டது. ஆபீசில் எண்ணிப் பார்த்தார்கள். ஐந்து.

"பூச்சின்னா ஆறு கால்," என்றார் பூதக்கண்ணாடி, இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நின்றுகொண்டு. "அஞ்சு கால்னா அது எங்க துறையிலேயே வராது. இனம் காணாம மருந்து அடிக்கவும் முடியாது. எறும்புப் பிரிவுல கேட்டோம், சிறகில்லாத ஏதோ ஒண்ணுன்னாங்க. கரப்பான் பிரிவுல கேட்டோம், எங்க குஞ்சு இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"மூட்டைப்பூச்சிப் பிரிவுல கேட்கலாமே?" என்றார் டீச்சர்.

"அங்க இனம் காண்றவர் பதவி ஒம்பது வருஷமா காலியா இருக்கும்மா. கால் முழுசா இருக்கிற ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் உங்க கதவுல சிவப்புத் தாள் மட்டும் இருக்கும்."

தாள் இருக்கும்வரை பள்ளிக்கு வரவேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். டீச்சர் கதவைத் திறந்துவைத்து நாள் முழுதும் உள்ளே துடைத்தார், பெருக்கினார், துவைத்தார். தையற்காரர் போகும்போதும் வரும்போதும் அந்தச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. சீக்கிரம் இனம் கண்டால் சீக்கிரம் மருந்து, சீக்கிரம் விடுதலை என்று கணக்குப் போட்டு, தம் சோபாவிலிருந்தே திடகாத்திரமான ஒன்றை, ஆறு காலும் குறையாமல், தாளில் ஏந்திக் கண்ணாடிச் சீசாவில் விட்டுப் பூதக்கண்ணாடியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எங்க பிடிச்சீங்க?"

"எதிர்ல," என்றார். எதற்கு எதிரில் என்று சொல்லவில்லை.

நல்லது செய்யப் போய் அவர் கொடுத்தது சாட்சியம் ஆகிவிட்டது. டீச்சரின் கோப்பில் அந்தப் பூச்சியை 'முதல் ஆதாரம்' என்று ஊசி குத்தி ஒட்டினார்கள்.

மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். முகமூடி, உருளை, குழாய். டீச்சர் வீட்டில் வெள்ளையாகப் புகை எழும்பி அடங்கியது. அடித்த மருந்து பூச்சியைக் கொல்லவில்லை. கொஞ்சம் மனத்தாங்கல் உண்டாக்கியது, அவ்வளவுதான். குடும்பம் குட்டிகளோடு அவை சுவர் விரிசல் வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு என்று பிரிந்து போய்விட்டன. வாரக் கடைசியில் ஆறு வீட்டார் சொறிந்துகொண்டு மாடிப்படியில் கூடினார்கள். ஆறு பேர் பார்வையும் அந்தச் சிவப்புத் தாள்மேல் போயிற்று.

"பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க வீட்டையே இப்படி வெச்சிருந்தா?" என்றார் மேல்வீட்டுக்காரர்.

தையற்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்றார். ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார்.

அன்று மாலை டீச்சர் அவர் கதவைத் தட்டினார். முகம் இளைத்திருந்தது. கை முழுக்கத் துவைத்துத் துவைத்துத் தோலுரிந்திருந்தது.

"அண்ணா, உங்க வீட்டுலயும் கடிக்குதாமே. அண்ணி சொன்னாங்க. எல்லாம் என்னாலதான். மன்னிச்சுக்கோங்க."

"பரவாயில்லை டீச்சர்," என்றார் தையற்காரர்.

"மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். பிள்ளைங்க வரைஞ்சு கொடுத்த படம் ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு, அதையும்தான். நீங்க கொடுத்த முதுகணை மட்டும் வெச்சிருக்கேன். அது புதுசு, நீங்க கையால தைச்சது. அதுல இருக்காதுல்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. டீச்சர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

தையற்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார், சோபா தொடங்கிச் சீசா வரைக்கும். அவள் சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்கு இன்னும் வலித்தது.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். "நாலடி தூரத்துல கதவு இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க."

அந்த நாலடி அவருக்கு நாலு காதமாகத் தெரிந்தது. மனுஷர் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஆபீசில் சொல்வது சுலபம் என்று அடுத்த நாள் மறுபடியும் பூச்சி ஆபீசுக்கே போனார். அவரை இணை இயக்குநரிடம் அனுப்பினார்கள். பெரிய அறை. சுழல் நாற்காலி. மேசைக்குப் பின்னால் அதே பூச்சியற்ற வளாகச் சான்றிதழின் பெரிய பிரதி.

"மூல வீடு என் வீடு சார்," என்றார் தையற்காரர் நின்றபடியே. "நான்தான் பொய் சொன்னேன். பாவம், அந்த டீச்சருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

இணை இயக்குநர் கனிவாகச் சிரித்தார்.

"உட்காருங்க. நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். உண்மையைப் பத்தி எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. ஆனா மூல வீடு ஒருதரம் பதிவாயிட்டா மாத்த முடியாது. திருத்தப் படிவம்னு ஒண்ணு இல்லை. ஏன் இல்லை? இதுவரைக்கும் நாங்க தப்பாப் பதிவு பண்ணினதே இல்லை. நடக்காத தப்புக்கு எதுக்குப் படிவம்?"

"இப்ப நடந்திருக்கே சார்."

"எப்படி நடந்திருக்கும்? நடந்திருந்தா படிவம் இருந்திருக்குமே."

தையற்காரர் இதை ஒரு முறை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தார். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"டீச்சருக்கு வேலை போயிடும் சார். தயவுபண்ணி அந்தப் பூச்சியை முழுசா ஒழிச்சாவது கொடுங்க."

"ஒழிக்கிறதா?" இணை இயக்குநர் முகம் சுண்டியது. "எங்க துறைப் பேரை நல்லாப் படிங்க. கட்டுப்பாட்டுத் துறை. ஒண்ணைக் கட்டுப்படுத்தணும்னா அது இருக்கணும். போன வருஷம் ஒரு களப்பணியாளர் ஆர்வக்கோளாறுல ஒரு தெருவையே சுத்தமா ஒழிச்சுட்டார். வெந்நீர், நீராவி, விரிசலுக்குப் பூச்சு, அது இதுன்னு. அந்தத் தெருவுக்கு இப்ப பரிசோதகரை அனுப்ப முடியலை, அறிக்கை எழுத முடியலை. அவர்மேல விசாரணை நடந்துட்டிருக்கு. பூச்சி வரும் போகும் சார். துறை நிலைக்கணும்."

பேசிக்கொண்டே அவர் பேனாவால் பிடரியைச் சொறிந்தார். தையற்காரரும் முழங்கையைச் சொறிந்தார். அப்போது சான்றிதழ்ச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து செம்பழுப்பாக ஒன்று வெளியே வந்து, 'பூச்சியற்ற' என்ற சொல்லின் பக்கமாக நிதானமாக நடந்துபோயிற்று. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அது இன்னும் இனம் காணப்படலை," என்றார் இணை இயக்குநர்.

பிறகு அவர் எழுந்து வந்து தையற்காரரின் தோளைத் தொட்டார். "உங்க மனசாட்சி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. புகார் கொடுத்தவரே திரும்பத் திரும்ப வந்து விசாரிக்கிறது இதான் முதல் தடவை. வர்ற வாரம் துறையோட ஆண்டு விழா. இந்த வருஷம் மாதிரிப் புகார்தாரர் நீங்கதான்."

தையற்காரர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஆண்டு விழா அன்று காலை அவர் ஒரு முடிவோடுதான் போனார். மேடையில் ஒலிபெருக்கி கொடுப்பார்கள். ஊர் கேட்கச் சொல்லிவிட வேண்டியது. ஆனால் மேடைமேல் கால் வைத்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் சட்டைப் பையளவு அட்டை ஒன்று ஊசியால் குத்தப்பட்டிருந்தது: மூல வீடு. வராவிட்டால் சிவப்புத் தாளை எடுப்பது தள்ளிப்போகும் என்று பூதக்கண்ணாடி சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

"அண்ணா, நீங்களா?" என்றார் டீச்சர் மெதுவாக. "புகார் கொடுத்தது நீங்களா?"

அவர் தலைகுனிந்தார்.

டீச்சர் தம் அட்டையை நேராக்கிக்கொண்டார். பிறகு, "அதுல தப்பில்லை அண்ணா. இருந்ததைத்தானே சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்," என்றார். சிரிக்கவும் முயன்றார்.

இணை இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். இந்த ஆண்டு துறை நாற்பதாயிரம் சீசாக்களைக் கையாண்டதாகவும், அவற்றில் சிலவற்றில் பூச்சியும் இருந்ததாகவும் சொன்னார். ஒரே மூல வீட்டில் தொடங்கிய பாதிப்பை மருந்தடித்த ஒரு வாரத்துக்குள் ஏழு வீடாக விரிவுபடுத்தியது களப்பணியின் வீச்சைக் காட்டுகிறது என்றார். கைதட்டினார்கள். பாராட்டுப் பத்திரத்தை மூல வீட்டுக்காரர் கையாலேயே வழங்கினால் நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக இருக்கும் என்று டீச்சரை எழுப்பினார்கள். டீச்சர் இரண்டு கையாலும் அதை நீட்டினார். தோலுரிந்த விரல்கள். தையற்காரர் பத்திரத்தை வாங்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"மூட்டைப்பூச்சி என் வீட்டுல இருந்து வந்தது," என்றார். குரல் கிறீச்சிட்டது. "தெருவுல கிடந்த சோபாவை நான்தான் எடுத்துட்டு வந்தேன். அந்தப் பஞ்சுலதான் டீச்சருக்கு முதுகணை தைச்சேன். அப்போ எனக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அவங்க வீட்டைக் கைகாட்டினேன். ஆறு கால் பூச்சியும் என் வீட்டுதுதான். என் கடைக்கு ஆள் வராமப் போயிடுமோன்னு பயந்து செஞ்சேன்."

பிறகு இணை இயக்குநர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க! அடுத்த வீட்டுக்காரங்க பழியைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிற இந்தப் பெருந்தன்மையை வேற எங்கேயாவது பார்க்க முடியுமா?"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. விழாக் குறிப்பில், பாராட்டுப் பெற்றவர் உணர்ச்சிவசப்பட்டு நன்றி கூறினார் என்று எழுதப்பட்டது.

கைதட்டாதவர் ஒருவர் மட்டும் உண்டு. டீச்சர் அட்டையைக் கழற்றி, ஊசியைப் பத்திரமாக அதிலேயே குத்தி, மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தையற்காரர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது, முதுகணை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு அவர் வாசலில் இருந்தது. எதிர்க் கதவு பாதி திறந்திருந்தது. டீச்சர் அங்கே நின்றார்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் அண்ணா. ரெண்டு தரம் கேட்டேன். நீங்க பரவாயில்லைன்னு சொன்னீங்க."

அவர் வாயெடுப்பதற்குள் டீச்சர் கதவைச் சாத்திவிட்டார். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

அதன் பிறகு அவர் ஆபீசை நம்பவில்லை. அந்த விசாரணைக்கு ஆளான களப்பணியாளர் என்ன செய்தார் என்று இணை இயக்குநரே வாய்தவறிச் சொல்லியிருந்தாரே, அதையே செய்வது என்று தீர்மானித்தார். சோபாவை உடைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, யாரும் எடுத்துப் போகாதபடி 'உள்ளே மூட்டைப்பூச்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கடையிலிருந்து நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கதவையும் தட்டி முதலில் உண்மையைச் சொன்னார், பிறகு உள்ளே விடுவீர்களா என்று கேட்டார். மேல்வீட்டுக்காரர் வாயில் வந்தபடி ஏசினார். ஏசி முடித்துவிட்டுக் கட்டிலை நகர்த்த ஒரு கை கொடுத்தார். துணியெல்லாம் கொதிநீரில் போயிற்று. மெத்தைத் தையல் ஒவ்வொன்றிலும், கட்டில் இணைப்பு ஒவ்வொன்றிலும் நீராவியை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தினார். மனைவி பின்னாலேயே வந்து விரிசல்களை அடைத்தாள். ஒரு முறை செய்தால் போதாது, முட்டை பொரிந்து வரும். அதனால் வாரம் தவறாமல் ஏழு வீட்டுக்கும் போனார்.

டீச்சர் அவரை உள்ளே விட்டார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் வாரம் யார் வீட்டிலும் கடிக்கவில்லை. சேதி கேட்டுப் பூதக்கண்ணாடி பதறிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் தேடினார்.

"ஒண்ணுகூட இல்லையே," என்றார் கவலையாக. "ஒரு பூச்சியாவது இருந்தாத்தானே இது மூட்டைப்பூச்சியில்லா வீடுன்னு எழுத முடியும்? இல்லாத பூச்சியை எப்படி இனம் காண்றது?"

எனவே சிவப்புத் தாள் கதவில் அப்படியே இருந்தது.

தாளை எடுக்காமல் டீச்சரைப் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். தையற்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் காலை நேரங்களில் பள்ளி வாசலில் போய் நின்றார். பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் அம்மாக்களில் பாதிப் பேர் அவர் கடை வாடிக்கைக்காரர்கள்தான். ஒவ்வொருவரிடமும் சொன்னார், பூச்சி என் வீட்டிலிருந்துதான் வந்தது, டீச்சர் வீட்டிலிருந்து இல்லை என்று. சிலர் பிள்ளையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு விலகினார்கள். ஒரு அம்மா அன்று மத்தியானமே கடைக்கு வந்து, வெட்டியும் தைக்காமல் கிடந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் பலர் வந்தார்கள். கொடியில் தொங்கியது குறைந்துகொண்டே வந்தது. அவர் பயந்தது அப்படியே நடந்தது. நடந்தபோது, பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் சும்மாவும் இல்லை.

ஆறாம் நாள் தலைமையாசிரியை அவரை உள்ளே கூப்பிட்டார்.

"வாய்ச்சொல் போதாது. எழுதிக் கொடுங்க."

வெள்ளைத் தாளில் தம் கதவு எண்ணையும் நடந்ததையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

"துறை முத்திரை இல்லையே?"

"முத்திரை அவங்ககிட்ட இருக்கு அம்மா. பூச்சி என்கிட்டதான் இருந்துச்சு."

தலைமையாசிரியை தாளை இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை டீச்சர் வேலைக்குப் போனார்.

அதன்பின் தினமும் காலையில் டீச்சர் கடையைக் கடந்து போகும்போது தையற்காரர் எழுந்து வாசலுக்கு வந்து, "டீச்சர், மன்னிச்சுடுங்க," என்பார். டீச்சர் நிற்காமல் போய்விடுவார். இப்படி ஒரு மாதம். ஒருநாள் டீச்சர் நின்றார். பையிலிருந்து ஒரு சுருள் துணியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பிள்ளைங்க சாயம் பூசி விளையாடுறப்ப போட்டுக்க மேலங்கி. பதினாலு. வெள்ளிக்கிழமை வேணும்."

"டீச்சர்... மன்னிச்சுட்டீங்களா?"

"கோபம் இருக்கு அண்ணா," என்றார் டீச்சர். "தினம் தினம் வாசல்ல நின்னு கேட்டா அது போகாது. நீங்க கேட்கிற ஒவ்வொரு தரமும் நான்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கு. எனக்கு நேரமாகுது. வெள்ளிக்கிழமை."

அவர் இரண்டே நாளில் தைத்து முடித்தார். பிடிக்காமல் பிரித்து மறுபடியும் தைத்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் வந்தார். எடுத்துப்போகப் பையைத் திறக்கவில்லை. மேலங்கிகளை வாரிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய், ஒவ்வொன்றாக உள்பக்கம் புரட்டி, தையலை நகத்தால் விலக்கி, ஓரத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கத் தொடங்கினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் அவசரப்படவில்லை. தையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பதினாலும் முடிகிறவரை நின்றார்.